கொண்டைக் கள்ளியை நான் மூன்றாக வெட்டியது

என் பேர் மருதாயி, வயது எண்பத்தாறு. வளர்த்த பிள்ளைகள் நாலு. வளர்த்த கொண்டைக் கள்ளி நூற்றுப் பதினேழு, மஞ்சள் கள்ளி அறுபத்திரண்டு. "அம்மாவுக்குப் பிள்ளைக் கணக்கு தப்பினாலும் கள்ளிக் கணக்கு தப்பாது" என்று என் மூத்த மகள் கேலி செய்வாள். செய்யட்டும். நாலு பிள்ளையை ஊரில் யார் வேண்டுமானாலும் வளர்ப்பார்கள். திருச்சி வெயிலில் நூற்றுப் பதினேழு கொண்டை வளர்த்த இன்னொருத்தியைக் காட்டட்டும், பார்க்கலாம்.

தென்னூரில் ஒரு நர்சரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். படிப்பு கிடையாது. பின்னாளில் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவர்கள் பேசின மாதிரியே எழுத வேண்டும்.

இப்போது மொட்டை மாடியில் கள்ளி வளர்க்கிற பிள்ளைகள் நிறைய. போனில் படம் எடுத்து வந்து, "இது ஏன் இப்படிக் கோணிக்கிட்டு வளருது?" என்று என்னிடம் காட்டுகிறார்கள். படத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார முடிவதில்லை. கோணல் என்கிறார்களே, அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் முதலில் தெரியாதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. சோகை நாற்று

வருஷம் ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ. எனக்கு இருபத்திரண்டு வயது, மூத்தவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அதுவரை காட்டூரில் கத்தரி நாற்று விடுகிறவரிடம் வேலை செய்தேன். நாற்றங்காலில் எனக்கு வேகமான கை. வெளுத்த நாற்று, கோணல் நாற்று, தலை தட்டையான நாற்று, இவற்றை முதல் வேலையாகப் பிடுங்கி எறிய வேண்டும். விட்டால் நோய் மற்றதற்கும் பரவும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

நர்சரியில் சேர்ந்த முதல் நாள், சின்னையா மேஸ்திரி என்னைக் கண்ணாடிக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். ஒட்டுக் கட்டுவது, ஆள் பார்ப்பது எல்லாம் அங்கே அவர்தான். பெட்டி பெட்டியாக மணலில் பச்சைப் பயறு மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ முளைத்திருந்தது. "கள்ளி நாத்து. களை இருந்தா எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கள்ளிக்கு நாற்று விடுவார்களா என்று எனக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் அது வேலியில் தானாகக் கிடக்கும்.

குனிந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவே அங்கங்கே மஞ்சளாகச் சில, நல்ல சோகை. ஒன்றுக்குத் தலை உருண்டையாக இல்லாமல் விரலால் நசுக்கின மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் அஞ்சு, தட்டைத்தலை ஒன்று. ஆறையும் வேரோடு பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். முதல் நாளே நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நேரே முதலாளியிடம் போனேன்.

முதலாளி பேர் நடேசன். ஒல்லியான மனிதர், எப்போதும் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, சோகை நாத்து, கோணல் நாத்தெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிட்டேங்க. இப்ப பெட்டி சுத்தமா இருக்கு."

"எந்தப் பெட்டி?"

"கண்ணாடிக் கொட்டகைப் பெட்டிங்க."

கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. சாயந்தரம் அதை ரோஜாத் தொட்டியிலிருந்து எடுத்தோம்.

"அடிப்பாவி! அந்த அஞ்சாறுக்காகத்தானே ஆயிரம் விதை போட்டேன்! தபால்ல எங்கெங்கேயோ இருந்து வரவழைச்சுப் போட்டேன்! எங்க எறிஞ்சே? சொல்லு, எங்க?"

நல்ல வேளை, கூடையைக் கொட்டியிருக்கவில்லை. முதலாளி தரையில் உட்கார்ந்து குப்பையைக் கிளறினார். ஆறும் கிடைத்தன. "சின்னையா, கத்தி! ஓடு!" என்று கத்தினார். வேலியிலிருந்து, தண்டில் மூன்று விளிம்பு இருக்கிற மூணு பட்டைக் கள்ளியின் துண்டுகளைக் கொண்டுவந்து, அவற்றின் தலையைச் சீவி, கடுகை விடக் கொஞ்சம் பெரிதான அந்த நாற்றுகளை அந்தத் துண்டுகளின் மேல் உட்கார வைத்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். செடிக்கு மேல் செடி! பானைக்கு மேல் பானை வைக்கிற மாதிரி!

ஆறில் பிழைத்தது இரண்டு, ஒரு மஞ்சளும் அந்தத் தட்டைத்தலையும். பத்தாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். விரட்டத்தான் போகிறார் என்று தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ பிடுங்கினது இது ரெண்டும். இனிமே இதுங்களுக்கு நீதான் பொறுப்பு. புரியுதா?"

அன்றிலிருந்து அவை என்னுடையவை. அவர் வாங்கின விதைதான், அவர் தோட்டம்தான். இருந்தாலும் என்னுடையவை.

2. மடிப்பு எண்ணின சனிக்கிழமைகள்

இப்போது வளர்க்கிற பிள்ளைகளுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கள்ளிக்கு உச்சியில் வளர்கிற புள்ளி ஒன்றுதான். அதனால் உருண்டையாகவோ தூணாகவோ வளரும். ஆயிரத்தில் ஒன்றுக்கு அந்தப் புள்ளி கோடாக நீண்டுவிடும். கோடு முழுவதும் ஒரே சமயத்தில் வளர்ந்தால் இடம் எப்படிப் போதும்? மடியும். வளைந்து வளைந்து சேவல் கொண்டை மாதிரி, கொசுவம் வைத்த பட்டுப் புடவை மாதிரி ஆகும். அதுதான் கொண்டைக் கள்ளி.

மஞ்சளின் சங்கதி வேறு. அதன் உடம்பில் பச்சை இல்லை. பச்சை இல்லாத செடிக்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. ஒட்டின பச்சைக் கள்ளி சமைத்து ஊட்டினால்தான் உயிர். தரையில் விட்டிருந்தால் அந்த மஞ்சள் எப்படியும் ஒரு மாதத்தில் செத்திருக்கும் என்று முதலாளி பிறகு சொன்னார். கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி! பிடுங்கின பாவம் பாதி குறைந்தது.

கொள்ளிடத்துப் பெருமணலை மூன்று தடவை சலித்து, செங்கல் நொறுக்கும் அடுப்புக்கரியும் கலந்து, மக்கின ஆட்டெரு ஒரு பிடி போடுவேன். தண்ணீர் கையளவு, அதுவும் மண் காய்ந்த பிறகு. கொண்டையின் ஓரத்தில் சில சமயம் அழகாக, உருண்டையாக ஒரு தளிர் வரும். பார்த்தால் கொஞ்சத் தோன்றும். அதைத்தான் முதலில் கிள்ள வேண்டும். விட்டால் அது சரசரவென்று வளர்ந்து கொண்டையை மறைத்துவிடும். கத்தரித் தோட்டத்தில் கோணலைப் பிடுங்கின கை, இங்கே நேரானதைப் பிடுங்கப் பழக ஒரு வருஷம் ஆனது.

ஆனால் கத்தியை மட்டும் என்னிடம் தர மாட்டார்கள். ஒட்டுக் கட்டுவது ஆண்கள் வேலை.

"பொம்பளை கை சூடு. ஒட்டு பிடிக்காது" என்பார் மேஸ்திரி.

"உங்க கை மட்டும் ஐஸ் கட்டியாண்ணே?" என்று கேட்டேன். சுற்றி இருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார், கத்தியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சவரம் பண்ணித் தூக்கிப் போட்ட பிளேடை எடுத்து வைத்துக்கொண்டேன். நர்சரியில் வேண்டாம் என்று எறிகிற துண்டுகளை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போவேன். கொல்லையில் உட்கார்ந்து ஒட்டுவேன். முதலில் வேலியோரத்துச் சதுரக் கள்ளியில் ஒட்டினேன், வெட்டினதும் பால் ஒழுகியது, ஒன்றும் நிற்கவில்லை. பால் வருகிற சாதியோடு இது சேராது என்று நானே கண்டுபிடித்தேன். பிறகு மூணு பட்டையில் ஒட்டினேன். பதினாலு ஒட்டினதில் பதினொன்று பிடித்தது! மேஸ்திரியே பத்துக்கு ஆறு ஏழுதான் எடுப்பார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பெரிய கஷ்டம்.

சனிக்கிழமை தோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சாமி வருவார். காலேஜில் தாவரப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆன வாத்தியார், நெற்றி நிறைய திருமண், கையில் குடை. முதல் தடவை கொண்டையைப் பார்த்தவுடன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன நடேசன், இது செடியா, வியாதியா?"

"வியாதின்னே வெச்சுக்குங்க சாமி. இப்படி ஒரு வியாதி வர்றதுக்கு நான் எட்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான், சாமி விழுந்துவிட்டார். வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. "முள்ளுச் செடி ஆத்துக்குள்ள நுழைஞ்சா, நான் பொறந்தாத்துக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டா எங்காத்து மாமி" என்பார். அதனால் இங்கே வந்து, கவிழ்த்த தொட்டி மேல் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

"போன வாரம் ஒம்போது மடிப்பு. இன்னிக்குப் பத்து! மருதாயி, பத்து!"

"பதினொண்ணுங்க சாமி. அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க."

"ஆமாம், பதினொண்ணு! பெருமாளே, பதினொண்ணு!"

அப்படி ஒரு சந்தோஷம் எங்களுக்கு. ஒரு மடிப்புக்கு இவ்வளவா என்று பூ வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

3. தென்னை மட்டை

அஞ்சு வருஷத்தில் கொண்டை, விரித்த கை அகலத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சு மாதிரி முள், அதற்குக் கீழே ஓடை ஓடையாகப் பச்சை. அந்த வருஷம் தை மாதம் மலர்க் கண்காட்சிக்கு வைப்பது என்று முதலாளி முடிவு செய்தார். பெங்களூர் வியாபாரி ஒருவர், "திருச்சி வெயில்ல கொண்டை நிக்காதுங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது முதலாளி மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கோப்பை வாங்கி அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும் என்பார்.

ஐப்பசியில் மகளுக்குச் சீமந்தம் என்று மதுரைக்குப் போனார். போகும்போது, "கொண்டையை யாரும் தொடக் கூடாது. தண்ணி கூட நான் வந்து ஊத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன நாள் பிடித்த மழை நிற்கவில்லை. கொட்டகை மூலையில் தென்னை மட்டை விழுந்து ஒரு கண்ணாடி விரிசல் விட்டதை யாரும் கவனிக்கவில்லை. விரிசல் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கொண்டையின் அடியில் இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை காலை கொட்டகைக்குள் நுழைந்ததும் புளித்த மாவு வாடை அடித்தது. தொட்டியைக் கிட்டத்தில் பார்த்தேன். கொண்டையைத் தாங்குகிற அடிக்கள்ளி மண் பக்கத்தில் பழுப்பாகி, விரல் வைத்தால் உள்ளே போனது. பழுப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். பார்த்தவுடன் அவருக்கு முகம் செத்துவிட்டது.

"முதலாளி செவ்வாக்கிழமைதான் வருவாரு. அதுவரைக்கும் தாங்காதா?"

"நாளைக்கே தாங்காதுண்ணே. இப்ப வெட்டி எடுத்தாத்தான் உண்டு."

"தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. தந்தி அடிப்போமா?"

"சீமந்த வீட்டுக்குத் தந்தி போனா யாரோ செத்துட்டாங்கன்னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அவர் ரயில் ஏறி வர்றதுக்குள்ள இது கூழாயிடும். வெட்டுங்கண்ணே."

மேஸ்திரி கத்தியை எடுத்தார். மறுபடி இடுப்பில் செருகினார். மறுபடி எடுத்தார்.

"மருதாயி, எனக்கு மூணு புள்ளைங்க."

"எனக்கும் ரெண்டு இருக்குண்ணே."

அவர் கத்தியைப் பலகை மேல் வைத்தார். பக்கத்தில் ஸ்பிரிட் புட்டியையும் கந்தகப் பொடியையும் வைத்தார். "நான் டீ குடிக்கப் போறேன். கத்தி இங்கதான் இருக்கு. நான் ஒண்ணும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு மழையில் நனைந்துகொண்டே போனார்.

கத்தியை எடுத்தேன். பிளேடு பிடித்த கைக்கு அது கனமாக இருந்தது. ஆனால் என்ன வழவழப்பு! ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது குடையோடு சாமி வந்து நின்றார்.

"என்னடி பண்ணறே?"

சொன்னேன். சாமி அழுகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையைப் பலகைக்கு மேலே பிடித்துக்கொண்டார். அங்கேயும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். ஒரு நாள் கத்தியைத் தொட்டதில்லே. கை நடுங்காம பண்ணு."

கொண்டையை அடியோடு சீவினேன். அடிப்பக்கத்தைத் திருப்பினால் நடுவில் காசு அகலத்துக்குப் பழுப்பு. கத்தியைத் துடைத்து மறுபடி மெல்லிசாகச் சீவினேன், பழுப்பு மிளகளவாயிற்று. மூன்றாம் தடவை சீவினேன். பச்சை வெள்ளையாக, ஈரமாகப் பளிச்சென்று இருந்தது.

"அப்பாடா! சுத்தம்!" என்றார் சாமி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரியாக நடுவில், டீயில் தோய்த்த நூல் மாதிரி ஒரு இழை. இருக்கிறதா, இல்லையா? சாய்த்துப் பார்த்தால் இருந்தது, நேராகப் பார்த்தால் இல்லை.

"கறை இருக்கு சாமி."

"எனக்குத் தெரியலையே. கண்ணாடி போட்டுண்டுதானே பார்க்கறேன்."

இன்னும் சீவினால் கொண்டை மிஞ்சாது. யோசித்தேன். மேலிருந்து கீழாக நெட்டுக்கு மூன்றாக வெட்டி, மூன்றையும் தனித்தனிக் கள்ளியில் ஒட்டினால் ஓரத்து இரண்டும் நிச்சயம் பிழைக்கும். ஆனால் கை அகலக் கொண்டை போய்விடும். மூன்று விரல் அகலத் துண்டுகள்தான் மிஞ்சும். அதற்கு யார் கோப்பை தருவார்கள்?

கத்தியை நெட்டுக்குத் திருப்பினதும் சாமி பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாண்டி! ஒண்ணாவே வெச்சுடு. தை மாசம் ஷோ. நடேசன் உசிரையே விட்டுடுவான்!"

"ஒண்ணா வெச்சுக் கறை ஏறினா மொத்தமும் போயிடும் சாமி. பிரிச்சு வெச்சா போறது நடுத்துண்டு மட்டும்தான்."

"கறையே இல்லேன்னா?"

"இல்லேன்னா என் வேலை போயிடும்."

வெட்டினேன். இரண்டே வெட்டு. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது, பிஞ்சு வெள்ளரியை நறுக்கின மாதிரி. வேலியில் கொழுத்த மூணு பட்டைகளாகப் பார்த்து எடுத்துத் தலையைச் சீவி, ஓரத்தைச் சரித்துச் செதுக்கினேன். அடிக்கள்ளியின் நடு நரம்பு வட்டமாக இருக்கும், கொண்டையின் நரம்பு கோடாக இருக்கும். கோடு வட்டத்தைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி உட்கார வைத்து, காற்றுக் குமிழி போகும்வரை அழுத்தி, சைக்கிள் டியூப் வளையத்தால் கட்டினேன். மிச்ச வெட்டுக்கெல்லாம் கந்தகப் பொடி. முடித்து நிமிர்ந்தபோது சாமியின் தோள் முழுக்க நனைந்திருந்தது. குடை என் பலகைக்கு மேலேயே இருந்தது.

மேஸ்திரி டீ குடித்துவிட்டு வந்தார். ஒன்று இருந்த இடத்தில் மூன்றைப் பார்த்துவிட்டுச் செங்கல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

4. நடுத்துண்டு

செவ்வாய்க்கிழமை முதலாளி பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகைக்கு வந்தார். மூன்று தொட்டிகளையும் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகின அடிக்கள்ளியைக் காட்டினேன். வெட்டி எடுத்தது சரி என்று ஒத்துக்கொண்டார். அவருடைய கோபம் வேறு.

"எதுக்கு மூணா வெட்டினே?"

"நடுவுல கறை இருந்துச்சுங்க."

"சின்னையா, நீ பார்த்தியா கறையை?"

"நான் டீ குடிக்கப் போயிருந்தேங்க."

"சாமி பார்த்தாரா?"

"அவருக்குத் தெரியலைங்க. எனக்குத் தெரிஞ்சுச்சு."

முதலாளி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். அதற்குப் பதில் அவர் சத்தம் போட்டிருந்தாலே தேவலை.

"பதினஞ்சு நாள் பார்க்கிறேன். நடுத்துண்டு அழுகினா நீ சொன்னது சரி. நடுத்துண்டு பிழைச்சா, கறையே இல்லாததை நீ அநியாயமா வெட்டிட்டேன்னு அர்த்தம். அப்புறம் நீ வர வேண்டாம்."

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். கத்தரி நாற்று எங்கேயும் இருக்கிறது. கொண்டை இங்கே மட்டும்தான் இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஓடி வந்து முதலில் நடுத்துண்டைத்தான் பார்ப்பேன். ஓரத்து இரண்டும் நாலாம் நாளே தெளிந்துவிட்டன. நடுத்துண்டும் தெளிந்தது! ஆறாம் நாள் பளபளவென்று இருந்தது. எட்டாம் நாள் டியூப் வளையத்தை அவிழ்த்தேன், அசையவில்லை. பிடித்துவிட்டது! ஒரு நொடி துள்ளினேன். மறு நொடி முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. நான் ஒட்டினது பிழைத்தால் நான் வெளியே. அது செத்தால் நான் உள்ளே. சாகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன், மனசு வரவில்லை. வழக்கம் போல மூன்றையும் நிழலில் திருப்பி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் நடுத்துண்டின் இடது பக்கத்தில், கட்டை விரலால் அமுக்கின மாதிரி ஒரு குழி. தொட்டால் மெத்தென்றது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அழுகுது! மருதாயி, நீ சொன்னது சரி! வேலை பிழைச்சுது, போ! தொடாதே, விடு. மூணு நாள்ல தானா மொத்தமும் அழுகிடும்."

எனக்கும் தலையிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் வலது பக்கத்தைப் பார்த்தேன். அங்கே புதிதாக ஒரு மடிப்பு விட்டிருந்தது. நகக்கண் அளவு, மேலே வெள்ளைப் பஞ்சு. என் ஒட்டில் வந்த முதல் மடிப்பு.

"கத்தியக் குடுங்கண்ணே."

"உனக்கென்ன கிறுக்கா? பாதியக் காப்பாத்தினா நடுத்துண்டு பிழைச்சிடுச்சுன்னுதான் அவர் சொல்வாரு!"

"சொன்னா சொல்லட்டும். குடுங்க."

அவர் திட்டிக்கொண்டே கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். டீ குடிக்கப் போகவில்லை. புது அடிக்கள்ளியை அவரே சீவிப் பிடித்துக்கொண்டார். மெத்தென்ற பாதியை வெட்டித் தள்ளினேன். வெட்டின முகத்தைத் திருப்பி இரண்டு பேரும் பார்த்தோம். நல்ல பாதியில் ஒரு சொட்டுக் கறை இல்லை. கெட்ட பாதியில் அந்த நூல், இப்போது கயிறாகத் தடித்து, அடியிலிருந்து நுனிவரை ஓடியிருந்தது.

நல்லதை ஒட்டிக் கட்டினேன். கெட்டதை வாழை இலைக் கிழிசலில் வைத்து முதலாளி மேசைக்கு நானே கொண்டு போனேன்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணா இருந்திருந்தா இந்நேரம் மொத்தமும் போயிருக்கும்" என்றார். பிறகு, "மீதி எங்க?"

"வேற அடியில ஒட்டிட்டேங்க."

"இன்னும் மூணு நாள் விட்டிருந்தா மொத்தமும் அழுகியிருக்கும். உன் பேச்சு ஜெயிச்சிருக்கும். எதுக்கு வெட்டினே?"

"பாதி நல்லா இருந்துச்சுங்களே."

அவர் எழுந்து கொட்டகைக்கு நடந்தார். நானும் மேஸ்திரியும் பின்னாலேயே போனோம். எங்கள் நர்சரியில் ஒட்டுக் கட்டினவரின் முதல் எழுத்தைத் தகரத் தகட்டில் ஆணியால் கீறித் தொட்டியில் குத்தி வைப்பது வழக்கம். கொட்டகை முழுக்க சின்னையாவின் 'சி'தான். என் மூன்று தொட்டிகளில் மட்டும் தகடு இல்லை.

"உன் எழுத்து எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

மணல் பெட்டியில் விரலால் 'ம' என்று எழுதிக் காட்டினார். மூன்று தகடுகளையும் ஆணியையும் என்னிடம் கொடுத்தார். நான் கீறினேன். முதல் தகடு பார்க்கச் சகிக்கவில்லை.

"இது என்ன மருதாயி, எழுத்தா? கால் ஒடிஞ்ச நாற்காலி மாதிரி இருக்கு!" என்றார் மேஸ்திரி.

"உங்க 'சி' மட்டும் என்னவாம், கொக்கு படுத்திருக்கிற மாதிரி!"

முதலாளி ஊருக்குப் போய் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

தை மாதம் கண்காட்சிக்கு மஞ்சள் கள்ளியையும் மூன்று சின்னக் கொண்டைகளையும் கொண்டு போனோம். கோப்பை ஒரு ரோஜாவுக்குப் போயிற்று. போகட்டும். கூட்டம் எங்கள் மேசையில்தான். மஞ்சளைப் பார்த்து மெழுகு என்று ஒரு அம்மா நகத்தால் கீறப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். சாமி காலையிலிருந்து மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். வருகிறவர்களிடம் எல்லாம், "இது வியாதி இல்லே, கேட்டுக்கோங்கோ! இவதான் வெட்டினா. நான் குடை பிடிச்சேன்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மூன்றிலிருந்து வந்தவைதான் மற்ற கொண்டைகளில் பாதி.

இதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் இதுதான். ஒன்றே ஒன்றாக இருக்கிற செடியை வெட்டக் கை வராது. கை வராமலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். உங்கள் கண்ணுக்குக் கறை தெரிந்தால் அது கறைதான், பக்கத்தில் காலேஜ் வாத்தியாரே நின்று இல்லை என்றாலும். நல்ல பாதி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும்.

போதும், பேனாவை வை கண்ணு. கை வலிக்குதா? கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா. வந்து முதல்லேர்ந்து எனக்குப் படிச்சுக் காட்டு, அவசரமில்ல. நான் கத்திய எடுத்த இடம் வந்தா மட்டும் கொஞ்சம் உரக்கப் படி, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்.